வியாழக்கிழமை மாத்திரை

மந்தைவெளி,
நவம்பர் 17, திங்கட்கிழமை.

ஆஷாவுக்கு,

மருந்துக்கடை ஷாஹுல் ஹமீது எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் பதற வேண்டாம். உன் அம்மா நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போது என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருக்கிறார். இன்று கார்த்திகை பிறந்துவிட்டது, பாதிப் பேர் மாலை போட்டுவிட்டார்கள், அம்மா கடையில் மீன் போகவில்லை. அதனால் அவருக்கு இங்கே வந்து உட்கார நேரம் கிடைத்தது.

காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாமியார் முத்துமாரி அம்மாவின் மூட்டுவாத மாத்திரையை நிறுத்தாதே. அவருக்காக நீ வரவழைத்திருக்கும் பெப்டைடு ஊசி மருந்து புதன்கிழமை பெங்களூருக்கு வருகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். வந்தால் பெட்டியை அப்படியே வை. 'உங்களுக்கு அதுலதானேம்மா கை சரியாச்சு, அத்தைக்கும் ஆகட்டும்' என்றாயாம். அதில் சரியாகவில்லை, ஆஷா. எதில் சரியானது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இதை அம்மாவே போனில் சொல்லியிருக்கலாம். நேற்று இரண்டு முறை உனக்குப் போன் செய்தார். இரண்டு முறையும் 'சாப்ட்டியா, மழையா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இன்று காலை கடைக்கு வந்து, "நீ எயுது பாய். எனக்கு வாய் வர மாட்டேங்குது" என்றார். தாளில் எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு இன்றே அனுப்புகிறேன். தாள் தபாலில் பின்னால் வரும்.

போன மார்கழியில் அம்மாவின் இரண்டு மணிக்கட்டும் வீங்கியது உனக்குத் தெரியும். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. "காஞ்ச கருவாடு மாரி வெறச்சிக்கினு கீது பாய்" என்பார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். இது தேய்மானம் இல்லை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது, அதனால் வரும் அழற்சி என்றார்கள். நான் இதை அம்மாவுக்கு விளக்கி முடித்ததும், "காவலுக்கு வெச்ச நாயே வூட்டாளக் கடிக்குதுன்னு சொல்லு" என்றார். நான் பத்து நிமிடம் பேசியது வீண்.

வாரம் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. ஞாயிறு என்றால் யாரும் மறக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவது. மூன்று மாதம் அம்மா சாப்பிட்டார். சித்திரையில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். என் கடைக்கு மாத்திரை வாங்க வருவது நின்றது. ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள் போலும் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வைகாசியில் நீ அந்த அடையாறு வெல்னஸ் கிளினிக்கைப் போனில் பார்த்துப் பேசி, முதல் பெட்டியை அம்மா வீட்டுக்கு வரவழைத்தாய். வலியில் இருக்கும் தாய்க்குத் தொலைவில் இருக்கும் மகள் செய்தது. அதை நான் குறை சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் கொஞ்சம் தேவலை என்றும் அம்மா சொன்னார். நீ அனுப்பியது என்பதாலேயே பாதி வலி போயிருக்கும்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஆவணியில். அம்மா வந்து இன்சுலின் ஊசி பத்து கேட்டார்.

"உனக்கு எப்போக்கா சுகர் வந்துச்சு?"

"எனக்கு சுகரும் இல்ல பிகரும் இல்ல. குடு பாய்."

"சுகர் இல்லாதவங்களுக்கு எதுக்கு இந்த ஊசி?"

"பூனைக்கு."

"எந்தப் பூனை?"

"நொச்சிக்குப்பத்துல நூறு பூனை கீது. உனக்கு எல்லாத்தோட பேரும் சொல்லணுமா?"

வாய் அப்படிப் பேசியதே தவிர, ஊசிக்கட்டை எடுக்க நீட்டிய கை பேசவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. மணிக்கட்டு பன் ரொட்டி மாதிரி இருந்தது. பட்டினப்பாக்கம் கடையில் வஞ்சிரத்தைக் காகிதக் கனத்துக்குத் துண்டு போடும் கை அது. பதினைந்து நாளாகப் பக்கத்துக் கடையில் கொடுத்துத்தான் அறுத்துத் தருகிறார் என்பதையும், மாத்திரையை நிறுத்திவிட்டதையும் அப்போதுதான் சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை. "பொண்ணு பாவம், ஊசி அனுப்பிக்கினு கீது. நோவு கொறையலன்னு சொன்னா மனசு ஒடஞ்சிரும்" என்றார்.

மருந்துப் புட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார். குளிர்ச்சியில் வைக்கச் சொன்னார்கள் என்று மீன் ஐஸ் பெட்டியில், சங்கரா மீனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். லேபிள் மேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிவிட்டுப் படித்தேன். தயாரித்த இடம் இல்லை. தொகுப்பு எண் இல்லை. காலாவதித் தேதி இல்லை. அடியில் எறும்பு மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் பயன்படுத்த அல்ல. அப்படியே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப நான் யாரு பாய்?" என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் அந்தக் கிளினிக்குக்குப் போனோம். வெள்ளிக்கிழமை மீன் விற்காது என்பதால் அந்த நாள். உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். சுஹாஸ் என்று ஒரு பிள்ளை வந்து மரியாதையாகப் பேசினான்.

"இது இம்போர்டட் மேடம். டாப் குவாலிட்டி."

"இம்போர்டட்னா எந்தக் கரைல எறங்குச்சு நைனா?"

"கரையா? சப்ளையர் அனுப்புறாங்க மேடம்."

"எந்த சப்ளையரு? எப்ப வந்துச்சு? வழியில ஐஸ் கரைஞ்சிச்சா, கரையலியா?"

அவன் சிரித்தான். பிறகு அம்மா சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். பரிசோதனைச் சீட்டு ஏதாவது உண்டா என்று நான் கேட்டேன். மெயிலில் கேட்டு அனுப்புகிறேன் என்றான். இன்றுவரை வரவில்லை. பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டேன். நாங்கள் அப்படி யாருக்கும் சொல்வதில்லை, சாப்பிடுகிறார்களா என்று கேட்பதும் இல்லை என்றான். அதை அவன் நல்ல விஷயம் போலச் சொன்னான்.

அம்மா எழுந்தார். "தம்பி, கோச்சிக்காத. காசிமேட்டுல அண்ணன் தம்பியே வித்தாலும் செவுளத் தூக்கிப் பாக்காம நான் ஒரு கூடை எடுக்க மாட்டேன். நீ செவுள் எங்க கீதுன்னே தெரியாம விக்கிற" என்றார்.

இவ்வளவு பேசினாரே என்று, மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிடுவார் என நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பதிவுச் சீட்டில் கையெழுத்துப் போட முடியவில்லை, பேனா நழுவியது. கைநாட்டு வைத்தார். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். "மறந்துட்டம்மா" என்றார் அம்மா. யாருக்கு எத்தனை கிலோ நெத்திலி, யார் வீட்டில் நண்டு ஆகாது என்பதை முப்பது வருஷமாக மனத்தில் வைத்திருப்பவர். டாக்டர் நம்பினார், நான் நம்பவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்.

அந்த மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு இரண்டு வேளை வயிற்றைப் புரட்டும். அம்மாவுக்கும் புரட்டியது. காலை ஆறு மணிக்கு விழுங்கினால் பத்து மணிக்கு ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் உங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. சித்திரையில் ஒரு ஞாயிறு, ஒரு அம்மாள் எடை போட்டுவிட்டுப் பையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, அம்மாவுக்குக் குமட்டி, கூடைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்திருக்கிறார். அந்த அம்மாள் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் நகர்ந்துவிட்டார்கள்.

"மீன்காரியே மீன் நாத்தம் தாங்காம வாந்தி எடுத்தா, அந்த மீன எவன் பாய் வாங்குவான்? எதுத்த கடைக்காரி சும்மா இருப்பாளா? 'இன்னாக்கா, அம்பது வயசுல முழுவாம கீறியா'ன்னு மைக் இல்லாம கத்துறா. இத்தப் போயி அந்த டாக்டரம்மாகைல எப்படிச் சொல்றது? இதுவே ஒரு வியாதின்னுவாங்க."

ஆஷா, நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். டாக்டரிடம் நானே சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எந்த நாள் வியாபாரம் இல்லம்மா?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ வியாழக்கிழமை ராத்திரி, சாப்பிட்டதுக்கு அப்புறம் போட்டுக்கோங்க. தூக்கத்துலயே பாதி போயிடும். மிச்சம் வெள்ளிக்கிழமை வீட்லயே போகட்டும். குமட்டலுக்கும் எழுதித் தரேன். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார் அம்மா. டாக்டர், "ஆமா, கேட்டிருக்கணும்" என்றார்.

உன் ஊசியைப் பற்றியும் கேட்டேன். பெப்டைடு என்பது பேய் இல்லை, புரதத்தின் சிறு துண்டு, இன்சுலினும் அந்த வகைதான், நாளை இந்த நோய்க்கே நல்லதாக ஒன்று வரலாம், முறையாகச் சோதித்து வந்தால் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். ஆனால் இந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது, அதை உடம்புக்குள் ஏற்ற வேண்டாம் என்றார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, அதன் பிறகே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து அம்மா ஊசி போடவில்லை. தினமும் காலை நீ கேட்கும்போது 'போட்டாச்சு' என்று சொன்னது பொய். பன்னிரண்டு வாரம் பொய் சொல்லியிருக்கிறார். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பிறகு, "அதெல்லாம் எயுதாத, நான் இன்னா கொலையா பண்ணேன்" என்றார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

இந்த மாத்திரை உடனே கேட்காது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளையாகப் புரட்டாசி வந்தது, கடை காற்று வாங்கியது, கைக்கு ஓய்வு கிடைத்தது. ஐப்பசி நடுவில் ஒருநாள் கடைக்கு வந்து, நான் கேட்காமலேயே இருமல் மருந்து மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். முன்பு பத்து மணிவரை மடங்காத விரல் இப்போது பல் தேய்த்து டீ குடிப்பதற்குள் மடங்கிவிடுகிறது. அழற்சியைக் காட்டும் ரத்த எண் முப்பத்தெட்டு இருந்தது, போன வாரம் பதினொன்று. இடது மணிக்கட்டில் வீக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம்வரை படுத்தேதான் கிடக்கிறார். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை, வஞ்சிரத்தை அவரே அறுத்தார்.

இதைத்தான் நீ வீடியோவில் பார்த்துவிட்டு, ஊசி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாய். நினைக்காமல் என்ன செய்வாய்? 'அத்தைக்கு மாத்திரையை நிறுத்திடப் போறேன், அவங்களும் உடனே சரின்னுட்டாங்க' என்று நீ சனிக்கிழமை சொன்னதும், அம்மா இரவு சாப்பிடவில்லை. "நான் மானத்துக்குப் பயந்து ஒளிச்ச கடன, இன்னொருத்தி கை குடுத்து அடைக்கணுமா" என்றார்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"வாந்தி எடுத்தத எயுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சம்பந்தி படிச்சா?"

"படிக்கட்டும்க்கா. அவங்களுக்கும் குமட்டுதோ என்னவோ."

அம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அத்த எயுது பாய். மொதல்ல அத்த எயுது. எந்தக் கெய்மை போடுறாங்க, மறுநாள் இன்னா வேலை, மாத்திரைய நிறுத்தலாம்னு இவ சொன்னதும் அவங்க ஏன் உடனே சரின்னாங்கன்னு கேக்கச் சொல்லு. தனியா கேக்கணும். புள்ளை எதிர்ல கேக்கக் கூடாது."

ஆகவே கேள், ஆஷா. கேட்டுவிட்டு அவருடைய டாக்டரிடம் போ. ஊசியை விற்றவரிடம் அல்ல.

ஒன்று பாக்கி. உன் மூன்றாவது பெட்டி இங்கே பிரிக்காமல் இருக்கிறது. 'பொண்ணு அனுப்பினது' என்று அம்மா தூக்கிப்போட மாட்டேன் என்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ ஒரு வார்த்தை சொல்.

கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்து. பேனாவை அவரே திறந்தார். 'ள்' மட்டும் கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது, அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஷாஹுல் ஹமீது

அ. அங்காளம்மாள்