வள்ளத்துக்கு ஒரு பங்கு ஆட்டம்

கல்லூரிப் பந்தாட்டத்துக்கு வேண்டிய நேரம் எங்கள் கடற்கரைப் பக்கம் ஐஸ் பெட்டியில்தான் வரும். மீன் வண்டிக்காரர் காலையில் மைதானத்து வாசலில் இறக்கி வைத்து, ஹாரன் அடித்துவிட்டுப் போவார். பார்க்க நெத்திலி போலத்தான் இருக்கும், கண்தான் இருக்காது. வெயில் ஏறுவதற்குள் பிரித்து, அவரவர் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். காலுறையில் நேரம் இருக்கிறவரைக்கும் ஆடலாம். தீர்ந்துபோனால் கால் தானாகக் கோட்டுக்கு வெளியே நடந்துவிடும்.

மற்ற பிள்ளைகளுக்கு இதில் வம்பில்லை. ஒரு இடத்துக்கு ஒரு ஆள், முழு ஆட்டத்தையும் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற ஸ்டாப்பர் இடத்துக்கு மட்டும் இரண்டு பேர். ஒருத்தன் சுயம்புலிங்கம், மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்துப் பையன். இன்னொருத்தன் கிளீட்டஸ், கடற்கரைப் பையன். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே முரடு. பந்தோடு வருகிறவன் இவர்களில் யாரைப் பார்த்தாலும் வந்த வழியே திரும்பிவிடுவான்.

அன்றைக்கு இறுதியாட்டம். அதில் பாதிக்குக் குறையாமல் களத்தில் இருந்தவனுக்குத்தான் அன்றிலிருந்து விளையாட்டு ஹாஸ்டலில் கட்டில். கட்டில் இல்லையென்றால் சுயம்புவுக்குப் படிப்பும் இல்லை. அவன் ஊரிலிருந்து முதல் பஸ் கிளம்பும்போதே கல்லூரியில் இரண்டாம் மணி அடித்திருக்கும்.

"சரிபாதியாப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் கட்டில் உண்டு," என்றான் சுயம்பு. "கொஞ்சம் பிசகினாலும் ஒருத்தன் போனான்."

"போறது நீதாம்ல. ரப்பர் மரத்துல ஏறிப் படு," என்றான் கிளீட்டஸ்.

"நீ உன் வீட்டுல போய்ப் படு. அங்க எல்லாரும் ஒரே பாயில, உங்கண்ணன் வாயிலதான உன் காலு."

"அது என் காலு இல்லடே. தம்பி காலு."

பெர்க்மான்ஸ் மாஸ்டர் பெட்டியைத் திறந்தார். கல்லூரிக்குப் பயிற்சியாளராக வருமுன்னே பல காலம் கடலுக்குப் போனவர். கரையில் மீன் பங்கு வைக்கிற முறையைத்தான் மைதானத்திலும் வைத்திருந்தார். தார்ப்பாயில் குவியல் குவியலாக வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வார். ஒருத்தன் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பான். அவர் பார்க்காமலே பெயர் சொல்வார். முதுகு காட்டிச் சொன்ன பெயரை மாற்றக் கூடாது. மாற்றினால் அடுத்த ஆட்டத்துக்குப் பெட்டி வராது.

மாஸ்டர் கை பழகின கை. ஸ்டாப்பர் இடத்து நேரத்தை அள்ளி அள்ளி வைத்ததில் ஒரு குவியலுக்கும் இன்னொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆனால் குவியல் மூன்று இருந்தது. சுயம்பு பார்த்தான். பங்கு வைக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதால் சும்மா நின்றான்.

கிளீட்டஸ் முதல் குவியலைத் தொட்டான். "இது யாருக்கு மாஸ்டர்?"

"சுயம்புக்கு."

"இது?"

"உனக்குத்தாம்ல."

"அப்போ இது?"

"வள்ளத்துக்கு," என்றார் மாஸ்டர்.

கரையில் அப்படித்தான். ஆளுக்கு ஒரு பங்கு வைத்தால், ஏறிப்போன படகு என்று வள்ளத்துக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், இங்க ஏது வள்ளம்?" என்றான் கிளீட்டஸ்.

"சொன்னது சொன்னதுதான். கரையில என் வள்ளம் சும்மாதான கெடக்கு. தூக்கிட்டு வாங்கலே."

மூன்றில் ஒன்று பாதியாகாது. வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற வழியெல்லாம் சுயம்பு அதையே நினைத்தான். கிளீட்டசும் அதைத்தான் நினைத்திருப்பான். இரண்டு பேருக்கும் கட்டில் போய், அந்த இடத்தில் ஒரு வள்ளம் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கப் போகிறது.

ரெஃப்ரி வள்ளத்தைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் எண் எழுதியிருந்ததால் ஜெர்சி வேண்டாம் என்றார். அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார்; சிப்பி ஒட்டியிருந்தால் எதிராளிக்குக் காயம் படும். பிறகு மாஸ்டரிடம் கேட்டார். "எந்த வருஷம்?"

"மூணாம் வருஷம் சார். கட்டி மூணு வருஷம் ஆவுது."

"பாடம்?"

"விலங்கியல்."

சரி என்றார். எதிரணிக்கும் மறுப்பில்லை. போன வருஷம் அவர்கள் பக்கம் ஒரு கிணறு ஆடியிருந்தது.

சுயம்பு மெதுவாக மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றான். "மாஸ்டர், வள்ளம் தன்னால கடலுக்குப் போவுமா?"

"அதெப்படிப் போவும்? ரெண்டு பேராவது ஏறணும்."

"அப்படி ஏறினவன்?"

"அவனும் தொழிலுக்குப் போனவன்தான் மக்கா."

மாஸ்டர் ரெஃப்ரியிடம் ஓடினார். ரெஃப்ரி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வள்ளத்தின் நேரத்தில் இரண்டு பேரும் உள்ளே இருக்கலாம், அது அவர்கள் ஆடியதாகவே கணக்கு. ஆனால் தரையில் ஒரு விரல் பட்டாலும் பட்டவன் வெளியே. அன்றைக்கு அவன் ஆடினது எல்லாம் ஆடாததாகிவிடும்.

"மலைக்காரனுக்கும் மூளை உண்டு போல," என்றான் கிளீட்டஸ்.

சுயம்பு தன் பங்கை ஆடினான். கோல் விழவில்லை. காலுறை காலியானதும் கால் வெளியே நடந்தது. கிளீட்டஸ் இறங்கினான். அவன் ஆடுகிறபோது எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். பிறகு வள்ளத்தின் முறை. கோலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, நேரத்தை அதன் அடித்தட்டில் கொட்டினார்கள். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

வள்ளம் நன்றாக ஆடியது. எதிரணிக்காரன் இடப்பக்கம் போக்குக் காட்டிவிட்டு வலப்பக்கம் வெட்டுவான், வள்ளம் ஏமாறாது. பந்து பலகையில் டொம்மென்று பட்டுத் திரும்பும். கூட்டம் கைதட்டியது. ஒரு தடவை பந்து வராதபோதும் தட்டினார்கள், வள்ளம் நின்ற நேர்த்திக்காக.

அடித்தட்டில் நேரம் ஒரு பிடிதான் மிச்சம் இருந்தபோது, எதிரணியில் ஒரு குள்ளப் பையன் தூரத்திலிருந்து தூக்கி அடித்தான். பந்து வள்ளத்தின் முன்பக்க அணியத்தைத் தாண்டி வளைந்து, கோல் மூலைக்கு இறங்கியது. சுயம்பு பாய்ந்தான். உடம்பு முழுக்க வெளியே போய்விட்டது. அவன் கால்சட்டையை மட்டும் கிளீட்டஸ் பிடித்திருந்தான். சுயம்புவின் மூக்குக்கு நேர் கீழே புல்.

"விட்டுராதடே!"

"ஹாஸ்டல்ல ஜன்னல் பக்கம் எனக்கு," என்றான் கிளீட்டஸ்.

"எடுத்துக்க! கெட்டியாப் பிடி!"

"மேல் அலமாரியும்?"

"எல்லாம் எடுத்துக்கடே, பாவி!"

கிளீட்டஸ் ஒரு இழு இழுத்தான். எழும்பின தலையில் பந்து பட்டு வெளியே போனது. கால்சட்டை கொஞ்சம் கிழிந்தது. அடித்தட்டில் கடைசி நேரமும் கரைந்தது, விசில் ஒலித்தது.

சாயங்காலமே இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார்கள். வார்டன் சிரித்த முகமாக அறையைத் திறந்துவிட்டார். உள்ளே சுத்தமாகக் கூட்டியிருந்தது. கட்டில் மட்டும் இல்லை.

"ரெண்டும் மேயப் போயிருக்கு. விளக்கு போடுற நேரத்துக்கு வந்துரும்," என்றார் வார்டன்.

"முட்டுமா சார்?" என்று கேட்டான் கிளீட்டஸ்.

"புது ஆளைக் கண்டா கொஞ்சம் முட்டும். தலைமாட்டைத் தடவிக் குடுங்க, படுத்துரும்."

கட்டில்கள் உள்ளே வர வழி விட்டு, கிளீட்டஸ் ஓரமாக நின்றான். சுயம்பு வராந்தாவில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு, அதுகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கப் போனான்.