மூன்றாவது விசிட்

திருப்பதி, 2017. மணி நாலு பத்து. ஐந்து மணிக்குள், தப்பு என்று திரையில் விழுந்த ஒரு சிவப்புக் கோடு அழியாவிட்டால் அம்சவேணிக்கு வேலை இல்லை.

அமெரிக்க நோயாளிகளின் காயங்களுக்கு, இன்சூரன்ஸ் பில்லுக்காக ‘கோட்’ என்னும் குறியீடு போடும் கம்பெனி அது. ஆறு மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. போட்ட கோட்களில் தொண்ணூற்றைந்து சதவீதம் சரியாக இருக்க வேண்டும். அவளிடம் இருப்பது தொண்ணூற்று நாலரை. ஒரே ஒரு தப்பு குறைந்தால் போதும்.

“இடது ஆள்காட்டி விரல்ல வெட்டு. மூணாவது விசிட்” என்றார் கோட்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் கிரண்குமார். “கோட்ல கடைசி எழுத்து டி வரணும், நீ ஏ போட்டுட்டே. சூடம்மா, இங்க பாரு, முதல் விசிட்டுக்கு ஏ, அப்புறம் வந்தா டி. இது அந்தரிக்கி தெலுசு, எல்லாருக்கும் தெரியும்!”

முழுதும் படிக்க நேரமில்லாமல் விசிட்டை எண்ணியே எழுத்துப் போடுவது அந்த மாடியின் வழக்கம்.

பக்கத்து சீட் பத்மினி கிசுகிசுத்தாள். “வாய மூடிக்கினு இருடி. அவராண்ட மல்லுக்கட்டிட்டு உங்கூரு நாகலாபுரத்துல மல்லாட்ட செடி புடுங்கப் போறியா?”

“எப்டியும் அதான் கதி. கேட்டுட்டே போறேன்.”

எழுந்தாள்.

“சார், மொத ரெண்டு தபா தோல மட்டும் தெச்சி அனுப்பிக்கிறாங்க. வெரலு மடங்கவேயில்ல. மூணாவது தபாதான் உள்ள தசைநாரு அறுந்துகீறத பாத்து ஆபரேஷன் பண்ணிக்கிறாங்க. வைத்தியமே அன்னிக்குத்தான் சார் நடக்குது. காயம் ஆறுதான்னு பாக்க மட்டும் வந்தாத்தான் டி.”

“புக்குல எக்கட இருக்கு?”

விதிப் புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். எத்தனையாவது விசிட் என்பது கணக்கில்லை, சிகிச்சை நடக்கிறதா என்பதே கணக்கு என்றது அந்த வரி. கிரண்குமார் இரண்டு முறை படித்தார். மேனேஜர் தாட்சாயணியை அழைத்தார்.

டாக்டரின் குறிப்பைத் தாட்சாயணி கடைசி வரி வரை படித்தாள்.

“ஏ தான் கரெக்ட். கிரண், இப்படி இன்னும் எத்தனை பேருக்குத் தப்பு போட்டிருக்கீங்க?”

தேடினார்கள். ஏழு பேர்!

“அடியேய், என்னோடது ரெண்டு கீது!” என்று பத்மினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

நாலு ஐம்பத்திரண்டு. திரையில் எண் மாறியது. சரியாகத் தொண்ணூற்றைந்து. வேலை நிரந்தரம்.

“திங்கக்கிழமை புது பேட்ச் வருது. இந்த ரூல் நீயே சொல்லும்மா” என்றார் கிரண்குமார். “நான் கடைசி பெஞ்ச்ல உக்காந்துக்கறேன்.”

“தூங்கக் கூடாது சார்” என்றாள் அம்சவேணி.

மாடி முழுக்கச் சிரித்தது.