பெரிய டம்ளர்

வாய்க்கரிசி எடுக்க அரிசி டிரம்முக்குள் கைவிட்ட உமாதேவியின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே இழுத்தாள். புருஷன் ராஜபாண்டியின் பெரிய எவர்சில்வர் டம்ளர்.

நான்கு மாதங்களுக்கு முன்பு அவள்தான் அதை அரிசிக்குள் புதைத்து வைத்தாள். கம்பத்து டாக்டர், "நெஞ்சு படபடப்பு நிக்கணும்னா காலையில ஒரு காபி, அதோட சரி" என்று சொல்லிவிட்டார். அதுவரை அவருக்கு ஒரு நாளைக்கு ஆறு காபி, அதுவும் இந்த டம்ளர் நிறைய. மறுநாளிலிருந்து பேத்தி பால் குடிக்கும் சின்ன டம்ளரில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காபியா, சொட்டு மருந்தா?" என்றார்.

"இன்னும் இருபது வருசம் எனக்கு நீங்க வேணும். பேசாமக் குடிங்க."

நேற்று மூன்று மணிக்குத் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "உமா, அரை டம்ளர் போடேன். என்னமோ அசதியா இருக்கு."

"ராக்கையா டீக்கடையில காபி குடிச்சிட்டுத்தான வந்திருக்கீக? அந்தத் திருட்டு முழியப் பாரு!"

அவர் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நாலரை மணிக்குப் பந்தலுக்கடியில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள்.

"ஏத்தா உமா, அரிசி அள்ள இம்புட்டு நேரமா? தேர்ப்பாடை கட்டி முடிச்சிட்டாக." கூடத்திலிருந்து நாத்தனார் மொக்கம்மாள் குரல் கொடுத்தாள்.

ஒரு கையில் அரிசிப் படி, மறு கையில் டம்ளருடன் உமாதேவி வெளியே வந்தாள். அப்பாவின் காலடியில் மகள் யுவராணி சுருண்டு கிடந்தாள். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால் டீக்கடை ராக்கையா விடிந்ததிலிருந்து கேன் கேனாகக் காபி கொண்டுவந்தபடி இருந்தான். வீடெங்கும் காபி வாசம். வந்தவர்கள் எல்லார் கையிலும் பேப்பர் கப்.

"யக்கா, ஒரு வாய் குடிங்க. நேத்துலருந்து பச்சத்தண்ணி படல உங்களுக்கு."

உமாதேவி படியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ராக்கையா, நேத்து உன் கடையில எத்தன காபி குடிச்சாக? மறைக்காமச் சொல்லு. நான் வையமாட்டேன்."

அவன் விழித்தான்.

"ரெண்டா? ஒண்ணாவது குடிச்சிருப்பாகல்ல? குடிச்சாகன்னு சொல்லுடா!"

"இல்லக்கா." அவன் கேனைக் கீழே வைத்தான். "மாமா தெனமும் வருவாக. பேப்பர் படிப்பாக, போயிருவாக. நானே கொண்டுபோய் நீட்டுனாலும் வாங்கமாட்டாக. 'வேணாம்டா, குடிச்சிட்டுப் போனா அவ என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா'ன்னு சிரிப்பாக. நாலு மாசமா ஒரு மடக்குக்கூட இல்ல."

அவன் சட்டையிலிருந்து அவள் கை நழுவியது. டம்ளரில் ஒட்டியிருந்த அரிசிமணிகளை முந்தானையால் துடைத்தாள். அதை அவன் முன் நீட்டினாள்.

"ஊத்து."

"யக்கா..."

"நெறைய ஊத்து."

தூக்குகிறவர்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மொக்கம்மாள் அரிசிப் படியை வாங்கிக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள். "வாத்தா, வந்து அரிசியப் போடு. நேரமாச்சு."

"இருங்க மதினி. அவுகளுக்குச் சூடாக் குடிச்சா நாக்கு பொத்துப்போயிரும். ஆத்திக் குடுத்துர்றேன்."

தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தவளை மொக்கம்மாளால் எழுப்ப முடியவில்லை. காபி ஆற்ற யாரோ ஒரு வட்டாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உமாதேவி டம்ளரிலிருந்து வட்டாவுக்கும், வட்டாவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வெளியே கொட்டுச் சத்தம் நின்றது. தூக்க வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

சூடு எப்போதோ போயிருந்தது. அவள் டம்ளரை மறுபடியும் உயர்த்தினாள்.