வெள்ளைப் பந்து மட்டும் ஒட்டவில்லை

முதல் தடவை கோளாறு வந்தபோது மூத்தவருக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. ஒரு பந்து வர வேண்டிய இடத்தில் இரண்டு பந்துகள் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தன. ஆடிக்கொண்டிருந்த ஆள் சிரித்தார். மூத்தவரும் சிரித்துக்கொண்டே மெஷினின் மேல்கண்ணாடியைக் கழற்றி, பந்துகளைப் பிரித்துப் போட்டார்.

அந்த விளையாட்டுக் கூடத்தைச் சகலைகள் இருவர் சேர்ந்து நடத்தினார்கள். மாமியார் வீட்டின் கீழ்த்தளம்தான் கூடம். இரண்டு பெண்களையும் தையல் மெஷின் மிதித்தே வளர்த்துக் கட்டிக்கொடுத்த மாமியார், மாடியில் தனியாக இருந்தார். இளையவர் காலையில் வந்து கடை திறந்து கவுண்டரில் உட்காருவார். பழுது பார்க்கும் வேலை மூத்தவருடையது. அவர் மதியத்துக்கு மேல்தான் வருவார்.

இருந்த மெஷின்களில், கண்ணாடிக்குக் கீழே சரிவான பலகையில் பந்தைத் தட்டித் தட்டி ஆடும் இந்தப் பின்பால் மெஷினுக்குத்தான் கூட்டம் அதிகம். அதன் பலகைக்கு அடியில் ஒரு மின்காந்தம் உண்டு. இரும்புப் பந்து மேலே உருண்டு வரும்போது லபக்கென்று பிடித்து, நினைத்துப் பார்க்காத பக்கம் வீசிவிடும். பந்துகளில் ஒன்று மட்டும் வெள்ளை. பீங்கானில் செய்தது. எடை குறைவு, ஓட்டம் அதிகம், காந்தம் அதை ஒன்றும் செய்யாது. அது வெளியே வந்தால் ஆடுகிறவர்கள் கத்துவது தெருமுனை வரை கேட்கும்.

இரண்டாவது தடவை, பந்து போகிற போக்கில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மின்காந்தம்தான் அணையாமல் இருக்கிறதோ என்று மூத்தவர் அதன் ஒயரையே பிடுங்கிப் பார்த்தார். அப்போதும் ஒட்டியது. பந்தை எடுத்து அதனருகில் ஒரு காகிதக் கிளிப்பைக் கொண்டுபோனார். கிளிப் தாவிப் போய்ப் பந்தில் தொங்கியது. பந்துக்கே காந்தம் ஏறியிருந்தது.

காந்தத்தின் மேல் ஓடுகிற பந்துக்கு நாளாவட்டத்தில் கொஞ்சம் காந்தம் ஏறத்தான் செய்யும். அதனால் பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பந்துகள் போட்டார். ஒரே வாரத்தில் அவையும் ஜோடி சேர்ந்துகொண்டு வந்தன. அவற்றில் ஒன்றின் முதுகில் குண்டூசி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மூத்தவர் குண்டூசியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டிய மெஷினுக்குள் குண்டூசி தானாக நடந்து போகாது. அதன் சாவியோ கவுண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

“அண்ணே, மறுபடியும் மக்கர் பண்ணுதா?” என்று கவுண்டரிலிருந்து இளையவர் கேட்டார். “இதைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் அழுவீங்க? அந்தத் தெருமுனை சாப்பாட்டுக் கடைக்காரர் இதை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவர் தலையில கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்.”

“நான் நேத்து போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

“அதை என்கிட்ட கேட்டா? மெஷினைக் கேளுங்க.”

அந்தப் பதிலும் அதற்கு முந்தைய பேச்சும் மூத்தவர் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சாப்பாட்டுக் கடைக்காரர் இவ்வளவு அவசரப்படுவது ஏன்? மெஷின் கெட்டுப்போகும் ஒவ்வொரு தடவையும் இளையவர் அவர் பேச்சை எடுப்பது ஏன்?

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தவரை மனைவி கவனித்தாள். “என்னங்க, என் தங்கச்சி புருஷன் அந்த மாதிரி ஆள் கிடையாது.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுதே.”

மறுநாள் அவர் மீண்டும் புதுப் பந்துகள் போட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு பந்திலும் மற்றவர் கண்ணில் எளிதில் படாத அளவுக்கு ஒரு புள்ளி குத்தினார். பந்தை யாராவது மாற்றி வைத்தால் தெரிந்துவிடும். அவை ஒட்ட ஆரம்பித்ததும் எடுத்துப் பார்த்தார். புள்ளி அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்தில், தான் போடாத ஒரு சிறு கோடும் இருந்தது. எல்லாப் பந்துகளிலும்.

நேராகக் கவுண்டருக்குப் போனார். “சகலை, நான் இல்லாதப்ப இந்த மெஷினைத் திறந்தீங்களா?”

“நானா? நான் எதுக்குத் திறக்கப் போறேன்?”

பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. கண்ணும் வேறு பக்கம் போயிற்று. மூத்தவருக்கு அது போதும்.

“விக்கணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. முதுகுக்குப் பின்னால வேலை பாக்காதீங்க.”

ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இளையவரின் காது மடல் சிவந்தது. கடைச்சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகும் பந்துகள் ஒட்டின. கள்ளச்சாவி வைத்திருக்கிறார் என்று மூத்தவர் முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் விடிந்ததும் பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தார். கூடத்தில் மெஷினின் மணி டிங் டிங் என்று அடித்தது. பிறகு கண்ணாடியை உருவும் சத்தம். ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மாமியார் நின்றிருந்தார்.

கழற்றிய கண்ணாடி சுவரில் பத்திரமாகச் சாய்ந்திருந்தது. மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. தைக்கும்போது தரையில் சிதறும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தக் குச்சி அவர் கையில் இருந்தது. அதைக்கொண்டு இரும்புப் பந்துகளைத் தேய்த்து இழுத்து மேலே எடுத்துவிட்டு, மூலையில் சிக்கிய வெள்ளைப் பந்தைத் திட்டிக்கொண்டிருந்தார். “உனக்கு மட்டும் என்னடா திமிரு? வர மாட்டியா?”

“அத்தை!”

அவர் பதறவே இல்லை. “வாங்க மாப்பிள்ளை. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இவனை மட்டும் எடுத்து விடுங்க, பாதி ஆட்டத்துல நிக்குது.”

கீழே அப்படி என்னதான் கத்துகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் மாடிப்படி வழியாக இறங்கிப் பார்க்க வந்தாராம். சும்மா ஒரு தட்டு தட்டினாராம். அன்றிலிருந்து கடை திறப்பதற்கு முன் தினமும் ஓர் ஆட்டம். பந்து எங்காவது நின்றால் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து மெஷினைத் திறப்பார், பிறகு இந்தக் குச்சிதான்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை?”

“வேலைவெட்டி இல்லாதவன் ஆடுற ஆட்டம்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான். எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?”

மூத்தவர் ஒரு பந்தை எடுத்து மாமியார் பக்கத்தில் வைத்திருந்த ஊசிப்பெட்டியின் அருகில் காட்டினார். ஊசிகள் மொய்த்துக்கொண்டன. மாமியாருக்குப் புரிந்துவிட்டது. “அப்போ நான் எடுத்து விட எடுத்து விடத்தான் அது இன்னும் ஒட்டிச்சா?” என்று கேட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, “சின்ன மாப்பிள்ளையை நாலஞ்சு நாளா காணோமே?” என்றார்.

மூத்தவர் நடந்ததைச் சொன்னார். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அப்படியே இளையவர் வீட்டுக்குப் போனார். இளையவர் வாசலில் நிற்க வைத்தே முழுவதையும் கேட்டார். மாமியார் வெள்ளைப் பந்தைத் திட்டிய இடத்தில் மட்டும் சிரிப்பை அடக்குவதுபோல உதடு கொஞ்சம் துடித்தது.

“நான் அன்னிக்குப் பேசினது தப்பு, சகலை. ஆனா அந்தக் கோடு மட்டும் எனக்குப் பிடிபடல. அத்தையும் போடலையாம்.”

“அது நான் போட்டது.”

“நீங்களா? எதுக்கு?”

இளையவர் தரையைப் பார்த்தார். “நீங்களே கெடுத்து, நீங்களே சரி பண்றீங்கன்னு நினைச்சேண்ணே. மெஷின் கெட்டாத்தானே கடையில உங்களுக்கு மரியாதை? அதான் பந்தை மாத்துறீங்களான்னு பாக்க அடையாளம் போட்டேன்.”

மூத்தவருக்குக் கோபம் வந்தது, அதைக் காட்ட யோக்கியதை இல்லை என்றும் தெரிந்தது.

“நீங்க பேசிட்டீங்க. நான் பேசாம மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்,” என்றார் இளையவர். “உள்ள வாங்க.”

இளையவர் கடைக்குத் திரும்பினார். சாப்பாட்டுக் கடைக்காரரிடம் மெஷின் விற்பனைக்கு இல்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். மாமியாருக்கு ரப்பர் நுனி வைத்த மரக்குச்சி கிடைத்தது. இப்போது சாயங்காலமே இறங்கி வந்து, சின்னப் பையன்கள் வரிசையில் நிற்க, கூச்சமில்லாமல் ஆடுகிறார்.

சகலைகள் இருவருக்கும் இடையில்தான் இன்னும் சரியாகவில்லை. வெளியாட்களைப் போல மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். மெஷினைத் தனியாகத் திறக்க இருவருக்கும் தயக்கம். ஒருவர் திறந்தால் மற்றவர் வந்து நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது.

மழை பெய்த ஒரு மதியம், பந்தைத் தட்டும் ஃபிளிப்பர் ஒன்று அசையவில்லை. மூத்தவர் டூல்ஸ் பையுடன் நின்று கவுண்டரைப் பார்த்தார். இளையவர் எழுந்து பாதி தூரம் வந்தார். அங்கேயே நின்றார்.

“நீங்க பாருங்கண்ணே,” என்றார். “எனக்கு வேற வேலை இருக்கு.”

திரும்பிப் பார்க்காமல் போய்க் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டார்.