ஆறாவது கம்பி

கிருஷ்ணராஜுக்குச் சுதர்ஷினியைக் கண்டாலே ஆகாது. இசைக்குழு அவனுடையது, கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான். கிட்டார் மட்டும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருத்தியின் கையில் இருந்தது அவனுக்கு உறுத்தியது. தன் மச்சான் லோஜனை அந்த இடத்தில் நிறுத்தக் காரணம் தேடினான், கிடைத்தும் விட்டது. அவள் வேகமாக வாசிக்கும்போது, விரல் படாத ஆறாவது கம்பி, அந்தத் தடித்த கம்பி, சும்மா கிடக்காமல் பின்னாலிருந்து இரையும்.

"திருவிழா மேடையில அந்தக் கம்பி ஒருக்கா கத்தட்டும். நீ எறங்குற, லோஜன் ஏறுறான்," என்றான், எல்லாருக்கும் முன்னால்.

குழுவும் போய்விட்டால் சுதர்ஷினிக்கு விடிந்தால் ரப்பர் மரம், அடைந்தால் தோட்டத்து லயத்து வீடு. வெறிபிடித்தவள் மாதிரிப் பழகினாள். இடது கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலே வளைத்து, ஆறாவது கம்பியை லேசாகத் தொட்டபடியே வாசித்தாள். இரைச்சல் அடங்கியது. ஆனால் கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்? திருவிழா அன்று காலையில் பால்வெட்டுக் கத்தி வழுக்கி, அதே கட்டைவிரலைக் கிழித்துவிட்டது.

என்ன செய்வாள்? சிரட்டையில் உறைந்து கிடந்த ரப்பர் பாலை நீளமாக உரித்து, கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். விரல் அழுத்தாத கம்பி இனி வாய் திறக்காது. மேடையில் முதல் இரண்டு பாட்டும் சுத்தமாக வந்தன. அப்போதுதான் அந்த ரப்பர்க் கட்டு கிருஷ்ணராஜின் கண்ணில் பட்டது.

உடனே அடுத்த பாட்டை மாற்றினான். வேண்டுமென்றே மாற்றினான், படுபாவி. அந்தப் பாட்டு, ஆறாவது கம்பியை விரல் வைக்காமல் அடித்துத்தான் தொடங்கும். அவள் கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். விளக்குச் சூட்டில் ரப்பர் இளகிக் கம்பியோடு ஒட்டிக்கிடந்தது. அடித்தாள். "தொக்" என்றது.

நம்ம கிட்டாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு என்று அவன் மைக்கில் சொன்னான். கூட்டம் சிரித்தது. இனி இந்த இடம் தனக்கில்லை என்று தெரிந்தும் சுதர்ஷினி இறங்கவில்லை, பாட்டை விடாமல் வாசித்தாள்.

நடுவில் அவன் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. மேளம் நிற்கும், துணைக்குக் கிட்டார் மட்டும் ஓடும். அங்கே அவன் கை எப்போதும் தடுமாறும். இத்தனை காலமும் அந்த இடத்தில் கிட்டாரை ஓங்கி வாசித்துப் பிசகை மறைத்து அவன் மானத்தைக் காத்தவள் அவள்தான்.

உள்ளங்கையை விரித்து ஆறு கம்பிகளையும் அமுக்கினாள்.

கீபோர்டு தனியாகத் தள்ளாடியது. ஒரு தரம் தவறினான், திருத்தப் போய் மறுபடி தவறினான். பின்வரிசையில் யாரோ கேலியாக ஹூ போட்டார்கள். மைதானமே சேர்ந்துகொண்டது.

"அடிடி," என்று பல்லைக் கடித்தான்.

"நீங்கதானே அண்ணே அடக்கச் சொன்னீங்க," என்றாள். கையை எடுக்கவில்லை.

கிருஷ்ணராஜ் மேடைக்குக் கீழே நின்ற லோஜனை ஏறி வரும்படி சைகை காட்டினான். லோஜன் கூட்டத்தைப் பார்த்தான், போனைக் காதில் வைத்துக்கொண்டு கோயில் பக்கமாக நடந்துவிட்டான்.