பற்றவைத்த இடம்

வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் தொடுவது பானட்டைத்தான். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல உள்ளங்கையை வைப்பேன். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே விற்கிறவர் ஸ்டார்ட் செய்து, அது இரும வேண்டியதையெல்லாம் இருமவைத்துவிட்டார் என்று அர்த்தம். இந்த நீல நிறப் பிக்கப் ஜில்லென்று இருந்தது. "நீங்க சொன்னபடி காலையிலேர்ந்து சாவியையே தொடலை தம்பி" என்றார் விற்கிறவர். வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். இதைவிடப் பெரிய வண்டி வாங்கப் போகிறாராம். கேட்காமலேயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

என் தங்கை உட்காரவில்லை. அவள் செடிகள் வளர்த்து விற்கிறாள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லும் வாடகை வண்டிக்காரன் வராமல், கன்றுகள் வெயிலில் துவள்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் தன் பெண்கள் இரண்டு பேரையும் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு செடி கொடுக்கப் போவதாகத் திட்டம். வண்டிதான் அமையவில்லை. அமையவிடாதவன் நான். இதுவரை எட்டு வண்டியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் என் பெயரே 'வேண்டாம்' தான். "வேண்டாம் பட்டறையைத் திறந்துட்டாரா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

"அண்ணே, இதையும் வேண்டாம்னு சொன்னே, அடுத்த தடவை உன்னைக் கூப்பிடவே மாட்டேன். நானே போய் ஒண்ணை வாங்கிட்டு வந்துடுவேன்" என்று வழியெல்லாம் மிரட்டிக்கொண்டே வந்தாள். செய்யக்கூடியவள்தான்.

மீட்டர் மூன்று லட்சத்துப் பத்தொன்பதாயிரம் காட்டியது. ஓடின வண்டிக்கு நான் பயப்படுவதில்லை. ஓடவே இல்லை என்று சொல்கிற வண்டிக்குத்தான் பயம். மீட்டரைத் திருப்பிவைக்கிறவர்கள் பெடல் ரப்பரை மறந்துவிடுவார்கள். இங்கே கிளட்ச் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்து, மீட்டர் சொன்னதற்குச் சாட்சி சொன்னது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் வருகிற வெள்ளை நுரை இல்லை. தங்கையை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் போய்க் குந்தினேன். ஒரு தும்மல், கொஞ்சம் கரும்புகை, அப்புறம் சீரான சத்தம். ஆயிலைக் குடிக்கிற வண்டிக்கு வருகிற நீலப் புகை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன் டயர்கள் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. தெருமுனை வரை அவளே ஓட்டிப் பார்த்தாள். கியர் முரண்டு பிடிக்கவில்லை. இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விற்கிறவர் எதிரில் சந்தோஷத்தைக் காட்டாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடியில் பார்ப்பது மட்டும் பாக்கி.

சாக்கை விரித்து உள்ளே நுழைந்தேன். வண்டியின் மொத்த எடையையும் தாங்குகிற நீள இரும்புச் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங். கேபினுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, டொக் என்றது. கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டி டார்ச் அடித்தேன். பழைய வெல்டிங். எனக்கு இடது கைப் பழக்கம். பற்றவைக்கிற கோட்டை மற்றவர்கள் இழுக்கிற திசைக்கு எதிராக இழுப்பேன். முடிக்கிற இடத்தில் கை தானாக ஒரு கொக்கி போடும். கொக்கி இருந்தது. தன் கையெழுத்து தனக்குத் தெரியாமல் போகுமா?

ஆறு வருடம் ஆகிறது. அப்போது இது வெள்ளை வண்டி. கல்லாக ஏற்றி ஏற்றிச் சட்டத்தில் விரிசல் விடவைத்திருந்த ஒருவர் கொண்டுவந்தார். விற்கப் போகிறேன், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றார். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பட்டறை திறந்து இரண்டே மாதம். வந்தவரைத் திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. மேலோட்டமாகப் பற்றவைத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு வராத அந்த ஒரு வார்த்தைதான் அதற்குப் பிறகு ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. இப்போது கொக்கியின் நுனியிலிருந்து முடி அளவுக்கு ஒரு விரிசல் கிளம்பியிருந்தது.

வெளியே போய் 'வேண்டாம்' என்றால் தீர்ந்தது. என்னிடம் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இவர் நாளைக்கே வேறு யாருக்காவது விற்பார். இவளோ கோபத்தில் எதையாவது வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள். வெட்டி எடுத்துச் சரிசெய்யலாம்தான். அதற்கும் ஏன் என்று வாயைத் திறந்தாக வேண்டும். வெட்கமாக இருந்தது. அப்படியே மல்லாந்து கிடந்தேன்.

தங்கை குனிந்து பார்த்தாள். "என்னண்ணே, தூங்கிட்டியா? சத்தத்தையே காணோம்."

"உள்ள வா."

"நானா?"

"வந்து பாரு."

முடியை அள்ளி முடிந்துகொண்டு என் பக்கத்தில் நுழைந்தாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். இளந்தண்டைத் தடவிப் பழகிய விரல், உடனே கண்டுபிடித்துவிட்டது.

"ஐயையோ, விரிசல் விட்டிருக்கே! எந்தப் பாவி இப்படிப் பூசி மறைச்சான்?"

"நான்தான்."

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வெளியே காலி கேன்களை அடுக்கிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. இரண்டு முட்டிகள் தரையில் ஊன்றின. பிறகு ஒரு கை. பிறகு சாய்ந்த வாக்கில் அவர் முகம்.

"ஆறு வருஷமா இதை என் பையன்தான் தம்பி ஓட்டுறான்" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எந்த இடம்? எனக்கும் காட்டுங்க."

டார்ச்சைத் தூக்கினேன். வெளிச்சம் கொக்கியை விட்டுத் தள்ளி விழுந்தது. தங்கை அதை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் கொக்கியின் மேல் நிறுத்தினாள்.