ஆத்தா நிற்கிற இடம்

தான் எழுதியதை ஊரே நம்பிவிட்டது என்பதுதான் அன்று சித்ரகலாவுக்கு வினையாக வந்தது.

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையில் இருக்கிறது கன்னித்துறை. சின்ன ஊர்தான், ஆனால் பெருமைக்குக் குறைச்சலில்லை. போன வருடம் கோயில் விசேஷத்துக்கு ஊர் வரலாறு வேண்டும் என்று கமிட்டிக்காரர்களுக்குத் தோன்றியபோது, எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு வீட்டுக்காரர் தங்கதுரையின் பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணிக்கொண்டிருந்த சித்ரகலாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். கிடைத்ததிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது ஆற்றோரம் நிற்கும், ஊரே ஆத்தா என்று கும்பிடும் முழங்கால் உயரக் கன்னிமார் கல்லின் கதை. எந்தக் காலத்திலோ ஒரு பெருவெள்ளம் வந்து, அந்தக் கல்லின் அடியைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனதாம். அதிலிருந்து, கல்லுக்குக் கீழே எவரும் சுவர் எழுப்பக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ‘ஆறு இந்தக் கல்லைத் தாண்டியதில்லை’ என்று அவள் எழுதிய வரியைக் கமிட்டி கிரானைட்டில் வெட்டிக் கல்லுக்குப் பக்கத்திலேயே நட்டுவைத்தது. கீழே அவள் பெயரும் இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். மறைப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மேற்கே கோவைப் பக்கம் விடாத மழை. வேலை விஷயமாக நல்லூர் போயிருந்த தங்கதுரை போனில் கூப்பிட்டு, மண்ணரைப் பக்கம் தண்ணீர் பாலத்தை இடித்துக்கொண்டு போகிறது, ரோட்டை அடைத்துவிட்டார்கள், தன்னால் வர முடியாது என்றார். சித்ரகலாவுக்குப் பெரிய பயமில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது மாமனார் மாரப்பனிடம், தண்ணீர் கல்லுக்கு இன்னும் நன்றாகக் கீழேதான் இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னாள்.

அவர் ரசத்தைப் பிசைந்தபடியே சொன்னார். “கல்லு இப்பத்தான கண்ணு கீழ இருக்குது. மின்னெல்லாம் மேட்டுலயல்லோ இருந்துச்சு, பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில.”

எடுத்த கவளம் சித்ரகலாவின் கையிலேயே நின்றுவிட்டது.

அவள் துருவித் துருவிக் கேட்க, அவர் நிதானமாகச் சொன்னார். அவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பு நடந்தது. கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு லைன் வீடுகள் கட்ட இடம் வேண்டியிருந்தது. இருந்த இடமோ கல்லுக்குக் கீழே. கட்டுப்பாட்டை மீறுகிற குடும்பமா அது? மீறவில்லை. முறைப்படி ஆத்தாளிடம் பூவாக்குக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வெற்றிலையில் தனித்தனிப் பொட்டணமாகக் கட்டி ஆத்தாள் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. வெள்ளை வந்தது. கொட்டுமேளத்தோடு ஆத்தாளை ஆற்றோரம் இறக்கிவைத்து, அவளுக்கு மேலே வீடுகளைக் கட்டினார்கள்.

ஊர் வரலாறு எழுதும்போது வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேனே, இதை ஏன் சொல்லவில்லை என்றாள். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

“கல்லு வரைக்கும்னு சொன்னனல்லோ. எல்லை ஆத்தாளுது கண்ணு. ஆத்தா எங்க நிக்கறாளோ, அங்கதான் எல்லை.”

மனிதர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பழைய வெள்ளம் பஸ் ஸ்டாப் வரை வந்திருக்கிறது. லைன் வீடுகள் அதற்கு வெகு கீழே, முழுக்கக் குடும்பங்களோடு இருக்கின்றன.

கையைக் கழுவியும் கழுவாமலும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். லைன் வீட்டு வாசலில், கம்பெனியில் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கும் ஒச்சாயி தன் சின்ன மகளோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. உடனே எல்லோரும் மேட்டிலிருக்கும் கம்பெனிக்கு ஏறி வாருங்கள் என்று சித்ரகலா சொன்னதற்கு அவள் சிரித்தாள். ஒருமுறை அதிகாரிகள் சொன்னார்களென்று பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தோம், திரும்பி வந்தால் டிவியும் சிலிண்டரும் காணோம், தண்ணீர் மட்டும் வரவேயில்லை என்றாள்.

“நீங்கதானக்கா எழுதி வச்சிருக்கீக, தாண்டாதுன்னு. ஆத்தா காலு நனையட்டும், அப்பப் போவோம்.”

கல் இடம் மாறிய கதையைச் சொல்லிப் பார்த்தாள். ஒச்சாயிக்கும் மாரப்பனுக்கும் ஒரே எண்ணம்தான். ஆத்தா விரும்பித்தானே வந்து நிற்கிறாள்?

ஆத்தாள் கால் நனையும்வரை காத்திருந்தால் எல்லாம் முடிந்தது. லைன் வீடுகளிலிருந்து மேட்டுக்கு ஏற ஒரே வழி. அது நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏறும். கல்லில் தண்ணீர் படுவதற்கு முன்பே பள்ளம் நிரம்பிவிடும். அப்போதே அங்கே கணுக்கால் அளவு செந்தண்ணீர் புகுந்துவிட்டது. ஒச்சாயியின் மகள் அதில் ஒரு பிளாஸ்டிக் மூடியை விட்டு வேடிக்கை பார்க்கப் போனாள். சித்ரகலா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

இவர்களை நகர்த்த முடியாது. ஆத்தாளை நகர்த்தினால்? ஆத்தா போகிற இடத்துக்கு இவர்களும் வருவார்கள் அல்லவா?

அதற்குள் மாரப்பனும் மாமியார் பழனாத்தாளும் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆத்தாளை மறுபடியும் வேப்பமரத்தடிக்கே கொண்டுபோய்விடலாம் என்றாள் சித்ரகலா. மாரப்பன் மறுக்கவில்லை. ஆனால் பூவாக்குக் கேட்காமல் ஆத்தாளைத் தொட முடியாது, தொட்ட கை விளங்காது என்றார். சிவப்பு வந்தால் என்னங்க மாமா செய்வது என்றாள்.

“அப்ப ஆத்தா நம்மள இங்கயே இருக்கச் சொல்றான்னு அர்த்தம். இருந்துக்க வேண்டியதுதான்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒச்சாயியின் புருஷன் ஜெயபாண்டி கும்பிடவே கும்பிட்டான்.

பொட்டணம் கட்டுவது மாரப்பன் வீட்டுப் பெண்களின் வேலை. ஒச்சாயி வாசலில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பூத்திருந்தன. பழனாத்தாளுக்குக் குனிய முடியாது. மருமகளைக் கட்டச் சொல்லிவிட்டுக் குடையைச் சாய்த்து அவளுக்கு மறைவு பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமி விஷயத்தில் விளையாடியவர்களுக்கு என்னவெல்லாம் ஆனதென்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகளெல்லாம் அந்த நேரம் பார்த்து வரிசையாக வந்து நின்றன. அவளுக்கும் பிள்ளை இருக்கிறது. இருந்தும் செம்பருத்தியை இடுப்புச் சேலைக்குள் செருகிவிட்டு, இரண்டு வெற்றிலையிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தாள்.

மாரப்பன் குடைக்கடியில் கற்பூரம் ஏற்றினார். ஒச்சாயியின் மகள் இரண்டு பொட்டணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எடுத்துத் தொலையேன் கண்ணு என்று சித்ரகலா உள்ளுக்குள் கத்தினாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள் குழந்தை. வெள்ளை. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விடுவது முறை. பழனாத்தாள் அதை வாங்கி விட்டெறிந்தாள்.

அப்புறம் எவரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஜெயபாண்டியும் இன்னும் சிலரும் கடப்பாரையால் கல்லை நெம்பி, மூங்கிலில் கட்டித் தோளில் ஏற்றினார்கள். ஆத்தா முன்னால் போக, டிவியும் சிலிண்டரும் குழந்தைகளும் மூட்டைகளும் பின்னால் போயின. பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கடைசி ஆள் கடக்கும்போது இடுப்புக்கு ஏறியிருந்தது. சித்ரகலா ஒவ்வொரு தலையாகப் பார்த்துப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் ஏறினாள்.

பொழுது சாய்கிற நேரம், வேப்பமரத்தடியில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் கிரானைட் பலகையில் முதலில் அவள் பெயரை முழுங்கியது. பிறகு ‘தாண்டியதில்லை’ என்ற சொல்லையும் முழுங்கியது. ஒச்சாயி மகளை இறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

“ஆத்தா சொல்லித்தான எறங்குனோம், ஆத்தா சொல்லித்தான ஏறுனோம்” என்று மாரப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

சித்ரகலாவால் கல்லை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பழனாத்தாள் மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றாள். மருமகளின் இடுப்பில் கசங்கி வெளியே எட்டிப்பார்த்த செம்பருத்தி இதழை யாரும் பார்க்காமல் எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஆத்தாளக் கீழ எறக்குன அன்னைக்கு, நானும் இடுப்புலதான் கண்ணு சொருகியிருந்தேன்.”

கீழே ஒச்சாயி வீட்டுக் கதவைத் தண்ணீர் தள்ளித் திறந்துகொண்டிருந்தது.